ஆதன் என்றொரு பெயர்



இந்த மேடையில் கம்பனைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், வள்ளுவரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மூன்றே எழுத்து. ஆ, த, ன். ஆதன். ஆண்பிள்ளைக்கு வைக்கும் ஒரு பெயர். இல்லை, ஒரு காலத்தில் வைத்த பெயர்.

உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் ஆதன் என்று யாராவது இருக்கிறார்களா? உங்கள் வகுப்பில்? உங்கள் உறவில்? செழியன் இருப்பார், இளங்கோ இருப்பார், பாரி இருப்பார். ஆதவன் கூட இருப்பார். ஆதனைக் காண்பது அரிது. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இதே கேள்வியை வைகைக் கரையிலோ நொய்யல் கரையிலோ கேட்டிருந்தால், கூட்டத்தில் நாலு பேராவது எழுந்து நின்றிருப்பார்கள். அவ்வளவு பரவலான பெயர் அது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? என்ன பொருள்? யார் யார் அதைத் தாங்கினார்கள்? ஏன் காணாமல் போனது? இவைதான் இன்றைய என் பேச்சு.

முதலில் அரண்மனைக்குப் போவோம். சேரர் குடியைப் பாடும் பதிற்றுப்பத்தைத் திறந்தால் ஆதனைப் பார்க்காமல் நகர முடியாது. இரண்டாம் பத்தின் தலைவன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். பாடியவர் குமட்டூர்க் கண்ணனார். ஆறாம் பத்தின் தலைவன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெண்பாற் புலவர். ஏழாம் பத்தின் தலைவன் செல்வக் கடுங்கோ வாழியாதன். பாடியவர் கபிலர். சேரலாதன் என்றால் என்ன? சேரல் ஆதன், அவ்வளவுதான். நெடுஞ்செழியனையும் கரிகாலனையும் தெரிந்து வைத்திருக்கும் நமக்கு, சேரன் செங்குட்டுவனின் தந்தை ஓர் ஆதன் என்பது நினைவில் இருப்பதில்லை.

இந்த ஆதன்கள் எப்படிப்பட்டவர்கள்? ஒருவனைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். செல்வக் கடுங்கோ வாழியாதன் ஒருநாள் கபிலரின் கையைப் பிடித்துப் பார்க்கிறான். பிடித்தவன் வியக்கிறான். "புலவரே, உங்கள் கை இவ்வளவு மென்மையாக இருக்கிறதே!" கபிலர் என்ன சொன்னார் என்பது புறநானூற்றின் 14-ஆம் பாட்டு. அதன் சாரம் இது. அரசே, உன் கை அங்குசம் பிடித்து யானையை அடக்கிய கை, குதிரையின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்த கை, வில் நாண் உரசிக் காய்ப்பேறிய கை, இரப்பவருக்கு எடுத்து எடுத்துக் கொடுத்த கை. அதனால் வலிமையாக இருக்கிறது. உன்னைப் பாடுகிறவர் கைக்கு என்ன வேலை? நீ போடும் ஊன்சோற்றை உண்பதைத் தவிர வேறு வருத்தம் அறியாத கை. அதனால் மென்மையாக இருக்கிறது.

கவனியுங்கள். ஓர் அரசன் ஒரு புலவனின் கையைத் தோழனின் கையைப் போலப் பற்றுகிறான். புலவனும் அவனுக்குச் சமமாக நின்று விளையாட்டாகப் பதில் சொல்கிறான். அந்த அரசனின் பெயர் ஆதன்.

இன்னொருவனைப் பார்ப்போம். வெண்ணிப் பறந்தலையில் பெரும்போர். ஒரு பக்கம் கரிகால் வளவன். மறுபக்கம் சேரமான் பெருஞ்சேரலாதன். கரிகாலன் எறிந்த வேல் சேரனின் மார்பைத் துளைத்து முதுகு வரைக்கும் போயிற்று. முதுகில் தெரியும் புண் புறமுதுகிட்டவனின் அடையாளம் ஆகிவிடுமே என்று நாணி, சேரலாதன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர் விட்டான். வென்றவன் கரிகாலன். ஆனால் அவன் முகத்துக்கு நேரே ஒரு பெண் பாடினாள். நீ வெற்றி பெற்றாய், சரி. உன்னைவிட நல்லவன் அந்தப் புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே, அவன் அல்லவா என்று கேட்டாள். யார் அந்தப் பெண்? வெண்ணிக்குயத்தியார். குயத்தி என்றால் குயவர் குலத்துப் பெண். மண் பிசைந்து பானை வனைந்த குடியில் பிறந்தவள். வென்ற சோழன் முன்னால் நின்று, தோற்ற ஆதனுக்குச் சான்று சொன்னவள் அவள்தான். இந்தப் பானையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது நமக்கு வேண்டியிருக்கும்.

சேரர் மட்டும்தானா ஆதன்? இல்லை. வேங்கட மலைப்பக்கத்துத் தலைவன் ஒருவன், ஆதனுங்கன். கள்ளில் ஆத்திரையனார் அவனை நோக்கி, என் நெஞ்சைத் திறந்து பார்ப்பவர்கள் அங்கே உன்னைத்தான் காண்பார்கள் என்று பாடினார். கொல்லி மலைக்குரிய வள்ளல் ஓரியை வன்பரணர் ஆதன் ஓரி என்றே அழைக்கிறார். செல்லிக் கோமான் ஆதன் எழினி அகநானூற்றில் வருகிறான். ஐங்குறுநூற்றைப் பிரித்தால் முதல் பத்துப் பாட்டும் ஆதனையும் அவினியையும் வாழ்த்தித்தான் தொடங்குகின்றன. ஆதன் அவினி என்ற சேர மன்னனைக் குறிப்பது அது என்பது பழைய உரை. வாழ்த்திவிட்டு அந்தப் பாட்டுகளில் வரும் தலைவி என்ன வேண்டுகிறாள்? வயல் விளையட்டும், பசி இல்லாமல் போகட்டும், நோய் தொலைவில் விலகட்டும், களவு ஒழியட்டும், மழை பொய்க்காதிருக்கட்டும். ஆதன் வாழ்ந்தால் நாடு வாழும் என்ற நம்பிக்கை அது.

இவையெல்லாம் ஏட்டில் இருப்பவை. புலவர்கள் கற்பனையாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைக் கரூருக்கு அழைத்துப் போவோம். கரூருக்கு அருகே புகழூர், அங்கே ஆறுநாட்டார் மலை. அந்த மலைக்குகையில் சமண முனிவர் படுப்பதற்காகக் கல்லில் வெட்டிய படுக்கை. அதன் பக்கத்தில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு. மூன்று தலைமுறைச் சேரர் பெயர் அதில் வரிசையாக நிற்கிறது. பேரன் இளங்கடுங்கோ. அவன் இளவரசன் ஆனபோது யாற்றூர்ச் செங்காயபன் என்ற மூத்த அமணருக்காக வெட்டிக்கொடுத்த கல் அது. அவன் தந்தை பெருங்கடுங்கோ. பாட்டன் யார்? கோ ஆதன் செல்லிரும்பொறை. கபிலரின் கையைப் பற்றிய செல்வக் கடுங்கோ வாழியாதன்தான் இந்தக் கல்லில் இருக்கும் கோ ஆதன் என்று ஆய்வாளர்கள் பலர் இணைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஏடும் கல்லும் ஒரே பெயரைச் சொல்கின்றன.

சரி, அரசர் பெயர் என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் பொறுக்க வேண்டும். அரண்மனையை விட்டு இறங்குவோம். மண்ணுக்கு வருவோம்.

சிவகங்கை மாவட்டம், திருப்புவனத்துக்குப் பக்கத்தில் கீழடி. தமிழ்நாடு தொல்லியல் துறையின் கீழடி அறிக்கை 2019-இல் வெளிவந்தது. தமிழி எழுத்துப் பொறித்த 56 பானையோடுகளை அது பதிவு செய்தது. அந்த ஓடுகளில் இருந்த பெயர்களில் இரண்டு உடனே ஊரெல்லாம் பேசப்பட்டன. ஒன்று குவிரன். மற்றொன்று ஆதன். ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் ஆற்றங்கரையில், கல்மணி அறுத்துக் கோத்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் வாழ்ந்த அந்தத் தொழிலூரிலும், இதே பெயர் பானையோட்டில் கிடைத்திருக்கிறது.

பானையோட்டில் பெயர் எழுதியவன் அரசனா? அரசன் எதற்காகத் தன் சோற்றுப்பானையில் பெயர் கீறப் போகிறான்? வீட்டுப் பாத்திரத்தில் பெயர் பொறிக்கும் பழக்கம் நமக்கு இன்றும் இருக்கிறதே. கல்யாணத்துக்குக் கொடுக்கும் எவர்சில்வர் குடத்தில் பெயரும் நாளும் வெட்டித் தருகிறோமே, அதே கைதான் அன்று பானையின் கழுத்தில் ஆணியால் கீறியிருக்கிறது. சுட்டு ஆறிய பானையின் மேல் கீறிய எழுத்துகள் அவற்றில் நிறைய. கைக்குக் கை எழுத்து மாறுகிறது. ஆகவே பானையை வனைந்தவர் மட்டும் எழுதவில்லை, வாங்கிப் புழங்கியவரும் எழுதியிருக்கிறார் என்று கொள்ள இடம் இருக்கிறது.

அந்த மூன்று எழுத்தையும் உற்றுப் பாருங்கள். கடைசியில் நிற்கும் னகரம் அசோகனின் கல்வெட்டு எழுத்தில் கிடையாது. ழ, ள, ற, ன என்ற நான்கும் தமிழ் ஒலிக்கென்று தமிழியில் அமைந்த எழுத்துகள். ஆதன் என்று கீறியவன் தன் மொழிக்கு உரிய எழுத்தைத் தெரிந்து கீறினான். அவன் பெயரை நமக்குச் சொல்ல ஒரு புலவன் வரவில்லை. அவனே சொல்லிவிட்டான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இமயம் வரை புகழ் பரப்பியவன் என்று பாடப்பட்டவன் ஆதன். வைகைக் கரையில் பானையில் சோறு வைத்தவனும் ஆதன். மலையில் குகை கொடுத்த குடும்பத்தின் பாட்டன் ஆதன். மணி அறுத்த ஊரில் வாழ்ந்தவனும் ஆதன். அரசன் பெயரை நீ எப்படி வைக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. உன் பெயர் குடிமகனுக்கும் இருக்கிறதே என்று அரசனும் வெட்கப்படவில்லை.

இந்தப் பெயரை இலக்கணமும் விட்டு வைக்கவில்லை. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் இயற்பெயரோடு தந்தை என்ற சொல் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விதி சொல்கிறார். சாத்தனின் தந்தை சாத்தந்தை. கொற்றனின் தந்தை கொற்றந்தை. இது பொது விதி. ஆனால் இரண்டு பெயருக்கு மட்டும் தனி விதி எழுதுகிறார். ஒன்று ஆதன், மற்றொன்று பூதன். பொது விதிப்படி ஆதந்தை என்று வர வேண்டியது, இன்னும் சுருங்கி ஆந்தை ஆகும். பூதந்தை என்று வர வேண்டியது பூந்தை ஆகும். ஏன் தனி விதி? மக்கள் வாயில் அப்படித்தான் வழங்கியது. தெருவில் நூறு பேர் கூப்பிடும் பெயர்தான் தேய்ந்து சுருங்கும். யாரும் வைக்காத பெயருக்கு எந்த இலக்கணக்காரர் விதி செய்வார்?

ஆந்தை என்றதும் முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். நானும் பள்ளியில் படித்தபோது சிரித்தவன்தான். பிசிராந்தையார் என்ற பெயரைக் கேட்டதும் மரப்பொந்தில் இருக்கும் பறவைதான் கண்ணில் வரும். அவர் பறவை இல்லை ஐயா. பிசிர் என்பது ஊர். ஆந்தை என்றால் ஆதனின் தந்தை. பிள்ளையின் பெயரால் அறியப்பட்ட ஒரு தகப்பனார். பாண்டி நாட்டில் இருந்துகொண்டே உறையூர்க் கோப்பெருஞ்சோழனைப் பாராமல் நட்புக் கொண்டவர். சோழன் வடக்கிருந்தபோது, அவர் வருவார், இடம் வையுங்கள் என்றான். வந்தார். தலை நரைக்கவில்லையே என்று கேட்டவர்களிடம், என் மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவுடையவர்கள், ஏவலர் என் எண்ணப்படி நடப்பவர்கள், அரசன் முறை தவறாதவன், எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரில் அடங்கிய சான்றோர் பலர் இருக்கிறார்கள், பிறகு எப்படி நரைக்கும் என்றார். பாரதிதாசன் அவரை நாடகமாக்கினார். அந்தப் பிசிராந்தையார் நாடகத்துக்கு 1969-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற நூலின் அட்டையிலேயே ஆதன் ஒளிந்திருக்கிறான். எத்தனை பேர் கவனித்தோம்?

ஐங்குறுநூற்றின் பாலை நூறும் பாடியவர் ஓதலாந்தையார். அவரும் ஓர் ஆதனின் தந்தை. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் வஞ்சினம் கூறும் புறப்பாட்டில் தன் உயிர்த் தோழர்களை வரிசைப்படுத்துகிறான். அதில் ஓர் ஆந்தை வருகிறான், ஆதன் அழிசி வருகிறான். பாடுகிறவனோ பூதன். தொல்காப்பியர் ஒரு விதியில் சேர்த்து வைத்த இரண்டு பெயரும் ஒரே பாட்டில் தோழமை கொண்டாடுகின்றன!

சரி, பொருள் என்ன? எல்லாரும் இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள். அகராதியைத் திறந்தால் திகைத்துப் போவீர்கள். ஆதன் என்றால் உயிர் என்கிறது. சமணர் வணங்கும் அருகன் என்கிறது. சேரர் பெயர் என்கிறது. சற்றுக் கீழே பார்த்தால் குருடன் என்கிறது, அறிவில்லாதவன் என்கிறது. உயிர் எங்கே, அறிவிலி எங்கே? சேர மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பிள்ளைக்கு அறிவிலி என்றா பெயர் வைத்திருப்பார்கள்? எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்?

வடமொழி ஆத்மாவிலிருந்து வந்தது என்பார் உண்டு. ஆவினத்தோடு சேர்த்து, ஆவை உடையவன் என்பார் உண்டு. ஆகு, ஆதல் என்ற தமிழ் வினையிலிருந்து வந்தது, ஆக்கம் உடையவன், பெருகுகிறவன் என்பார் உண்டு. என்னைக் கேட்டால் நான் மூன்றாவது பக்கம் நிற்பேன். ஆதலும் ஆக்கமும் தமிழில் நல்ல சொற்கள். பிள்ளை ஆகி வர வேண்டும் என்றுதான் பெற்றவர்கள் பெயர் வைக்கிறார்கள். வாழ்த்துகிற இடத்தில் எல்லாம் புலவர்கள் அந்தப் பெயரை எடுத்து வைத்ததும் அதற்குப் பொருந்தி வருகிறது.

அப்படியானால் அறிவிலி என்ற பொருள் எப்படி ஏறியது? பின்னால் சமயச் சண்டை மூண்டது. தேவாரக் காலத்தில் ஆதர் என்ற சொல் அறிவிலிகள் என்ற பொருளில் சமணரைச் சாடும் இடத்தில் வருகிறது. ஆதன் என்ற சொல்லுக்கு அருகன் என்றும் அகராதி பொருள் தருகிறதே. சமணருக்குக் குகை கொடுத்த குடும்பத்தின் பெயரும் ஆதன்தானே. ஒரு பக்கத்தார் போற்றிய சொல்லை எதிர்ப் பக்கத்தார் வசையாக்குவது உலகத்தில் புதிதில்லை. ஆதன் என்ற பெயரில் அந்தச் சண்டையின் கறை ஒட்டிக்கொண்டது என்பது என் கருத்து. கறை பட்ட பெயரைப் பிள்ளைக்குச் சூட்ட யார் முன்வருவார்?

ஆதன் மட்டும் அல்ல, அவன் கூட்டாளிகளும் இப்படித்தான் போனார்கள். சாத்தன் எவ்வளவு நல்ல பெயர்! மணிமேகலை பாடியவர் சாத்தனார். இன்று ஒரு பிள்ளைக்குச் சாத்தன் என்று பெயர் வைத்துப் பாருங்கள், முதல் நாளே பள்ளியில் சாத்தான் ஆக்கிவிடுவார்கள். பூதன் என்று வைத்தால் பூதம். ஆந்தை என்று வைத்தால் சொல்லவே வேண்டாம். ஆதன் என்று வைத்தால் பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறவர், ஆதவன் தானே, ஒரு எழுத்து விட்டுப்போச்சு என்று அவரே திருத்திவிடுவார்!

நாம் பெயரை மீட்காதவர்களா? மீட்டவர்கள்தான். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். அந்த அலையில் செழியனும் வழுதியும் கிள்ளியும் பாரியும் திரும்பி வந்தார்கள். ஆதன் மட்டும் ஏன் வரவில்லை? கேட்டதும் பொருள் விளங்கும் பெயரை அந்தத் தலைமுறை விரும்பியது. அன்பழகன், அறிவழகன், தமிழ்ச்செல்வன் என்றால் விளக்கம் தேவையில்லை. ஆதன் என்றால் அகராதியைப் பார்க்க வேண்டும். பார்த்தால் அறிவிலி என்று இருக்கிறது. மூடிவிட்டார்கள்.

ஆனால் ஊர் மறக்கவில்லை. ஆதனூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஊர்கள் உண்டு. கும்பகோணத்துக்குப் பக்கத்து ஆதனூரில் நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று இருக்கிறது. காமதேனு தவம் செய்த ஊர், ஆ வழிபட்ட ஊர் என்று அங்கே தலபுராணம் சொல்வார்கள். சோழ நாட்டு மேற்காநாட்டு ஆதனூரில்தான் திருநாளைப்போவார் பிறந்தார் என்கிறார் சேக்கிழார். ஆம், நந்தனார். கோயிலுக்குள் கால் வைக்க விடாமல் வெளியே நிறுத்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். ஆதன் ஊர் என்று பிரிக்கத் தமிழ் இலக்கணத்தில் தடை ஏதும் இல்லை. அரசனும் பானைக்காரனும் பகிர்ந்துகொண்ட பெயர் நின்ற ஊரில், பின்னொரு காலத்தில் ஒருவரைச் சேரியில் தள்ளி வைத்தார்கள். அந்த வீழ்ச்சியை நாம் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

பெரியோர்களே, இங்கே நான் சொல்ல வந்தது இதுதான். பெயரைப் பார்த்து ஆளை எடை போடும் பழக்கம் நம் மண்ணில் நெடுங்காலம் இருந்தது. இன்னின்ன குலத்தார் இன்னின்ன பெயர்தான் வைக்கலாம் என்ற காலம் இருந்தது. நல்ல பெயரைச் சிலர் தமக்கென்று வைத்துக்கொண்டு, மற்றவருக்குக் குப்பனையும் மண்ணாங்கட்டியையும் விட்டுவைத்த காலம் அது. அதற்கும் முந்திய காலம் ஒன்று இருந்தது என்பதற்குக் கல் சான்று சொல்கிறது, ஏடு சான்று சொல்கிறது, கீழடிப் பானையோடு சான்று சொல்கிறது. அந்தக் காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. அரசன் அரசன்தான், இரவலன் இரவலன்தான். ஆனால் பெயரில் வேலி இல்லை. ஆதன் என்ற பெயரின் மெய்ப்பொருளை அகராதியில் தேட வேண்டாம், அதைத் தாங்கியவர்களின் வரிசையில் தேடுங்கள்.

இன்று பெயர் வைப்பது எப்படி நடக்கிறது? நட்சத்திரம் பார்க்கிறோம், எண் கூட்டுகிறோம், வாயில் நுழையாத எழுத்தில் தொடங்கினால் புதுமை என்று நினைக்கிறோம். பேரன் பெயரைப் பாட்டியால் கூப்பிட முடியவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பெயரை வைப்பது என்பது உங்கள் உரிமை. அதில் நான் தலையிடவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால், எண் கணக்குக்காரரிடம் போகும் முன் புறநானூற்றின் பெயர்ப் பட்டியலை ஒரு தரம் புரட்டுங்கள். அதில் ஆதன் இருக்கிறான், அழிசி இருக்கிறான், எழினி இருக்கிறான், அந்துவன் இருக்கிறான். பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறவர் ஆதவன் என்று திருத்த வந்தால் விடாதீர்கள். மூன்று எழுத்துதான், சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஏன் இந்தப் பெயர் என்று பிள்ளை வளர்ந்து கேட்டால், கபிலரின் கையைப் பற்றியவன் கதையையும் சொல்லுங்கள், கீழடியில் பானையில் பெயர் கீறியவன் கதையையும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் பெயர் பாதிதான் விளங்கும்.